இளங்கொடிக்கும் முதுமை உண்டு

உங்கள் வீட்டில் கர்ப்பவதியான ஒரு மகளோ மருமகளோ இருப்பாளானால், இந்தப் பக்கத்தைப் பொறுமையோடு கடைசிவரை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். விசேஷமாக, என்னைப்போல் ஐம்பதைக் கடந்த தாய்மார்களும் மாமியார்களும் வாசிக்க வேண்டும். மருத்துவர் என்ன சொன்னாலும், மருத்துவமனைக்கு எப்போது போவது என்பதைப் பல வீடுகளில் தீர்மானிக்கிறவர்கள் நாம்தான். அப்படித் தீர்மானித்த ஒருத்தி எழுதுகிறேன்.

நான் மும்பையில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மணமாகி இந்நகருக்கு வந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு இரண்டு பெண்மக்கள். மூத்தவள் 2015ஆம் ஆண்டு தலைப்பிரசவத்திற்காக என் வீட்டுக்கு வந்தாள். அவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதாக என் மருமகனிடம் வாக்குக் கொடுத்தேன். நான் கொடுத்த வாக்கை என் பிடிவாதமே கெடுத்தது.

இரண்டு தேதிகள்

என் மகளுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை. 2014 அக்டோபர் கடைசியில் விலக்கானதாக அவள் நினைவு. நவம்பர் மூன்றாம் வாரத்திலும் இலேசாக இரத்தம் கண்டதாம். முதல் ஸ்கேன் எடுத்ததே 22ஆம் வாரத்தில்தான். "ஆரம்பத்திலேயே எதற்கு ஸ்கேன்? அந்தக் காலத்தில் நாங்கள் எல்லாம் ஸ்கேன் எடுத்தா பெற்றோம்?" என்று தள்ளிப்போட்டவள் நானே. ஸ்கேனைப் பார்த்த மருத்துவர் பிரசவத் தேதி ஆகஸ்ட் 6 என்று அட்டையில் எழுதினார். நானோ நவம்பர் கணக்கைப் பிடித்துக்கொண்டு, ஆகஸ்ட் 27 என்று சொல்லிவந்தேன்.

ஆகஸ்ட் 6 கடந்தது. வலி வரவில்லை. ஒரு வாரம் கழித்துப் போனபோது, "41 வாரம் நிறைந்துவிட்டது, இன்றே சேர்த்துவிடுங்கள், வலிக்கு மருந்து வைப்போம்" என்றார் மருத்துவர். எனக்கு அது பிடிக்கவில்லை. மருந்து வைப்பார்கள், வலி வராது, பிறகு சிசேரியன் என்பார்கள், எல்லாம் பணத்துக்காக என்று நினைத்தேன். மருமகன் தயங்கியபடி, "டாக்டர் சொன்னபடி சேர்த்துவிடலாமே, அத்தை" என்றார். "மாப்பிள்ளை, தலைப்பிள்ளை தள்ளித்தான் போகும். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கத்தி வைத்ததில்லை. காய் தானாகக் கனிந்து விழட்டும்" என்று சொல்லி மகளை வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டேன். ஊரிலிருந்து என் தாயாரும் தொலைபேசியில், "பத்து மாதம் நிறைய வேண்டாமா?" என்று எனக்குப் பலம் சேர்த்தார்கள்.

காலையும் மாலையும் நடக்க வைத்தேன். சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். 18ஆம் தேதி மாலையில், "அம்மா, பிள்ளை காலையிலிருந்து அதிகமாக அசையவில்லையே" என்றாள் மகள். "தலை இறங்கிவிட்டது; இடம் போதாமல் அசைவு குறையும். வலி வரப்போகிறது என்று அர்த்தம்" என்று தைரியம் சொன்னேன். அறியாமல் சொன்ன தைரியம்! மறுநாள் காலையில் மருத்துவமனையில் கருவியை வைத்துத் தேடினார்கள். இருதயத் துடிப்பு இல்லை.

அன்றிரவு ஓர் ஆண்குழந்தை பிறந்தது. மூன்று கிலோ எடை. கை, கால், நகம், முடி எதிலும் ஒரு குறையும் இல்லை. பனிக்குட நீர் பச்சையாகக் கலங்கியிருந்தது. பிற்பாடு மருத்துவர் என்னை மட்டும் அழைத்து ஒரு தட்டில் இருந்த நஞ்சுக்கொடியைக் காட்டினார். சிவந்து, பஞ்சுபோல் இருக்கவேண்டிய அதில் ஆங்காங்கே வெளுத்துக் கெட்டியான திட்டுகள் இருந்தன. "குழந்தைக்கு ஒரு நோயும் இல்லை அம்மா. அதைத் தாங்கிய கொடி களைத்துப்போயிற்று. இதற்கும் வயது உண்டு" என்றார். அந்த ஒரு வாக்கியம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

அந்தக் கொடி என்ன செய்கிறது?

நம் கிராமங்களில் பசு கன்று ஈன்றதும், "இளங்கொடி விழுந்ததா?" என்று கேட்பார்கள். விழுந்ததை வைக்கோலில் சுற்றிப் பால்மரமாகிய ஆலமரத்தில் கட்டுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். மனிதருக்கு வரும்போது அதையே நஞ்சு என்கிறோம். பிள்ளை பிறந்த பிறகு உள்ளே தங்கினால் தாயின் உயிருக்கே ஆபத்து என்பதால் அந்தப் பெயர் பொருந்தியிருக்கலாம். ஆனால் பிள்ளை பிறக்கும்வரை அது நஞ்சு அல்ல. அதுவே பிள்ளையின் நுரையீரல், அதுவே குடல், அதுவே சிறுநீரகம்.

செவிலியராகப் பணிபுரியும் என் இளைய மகள் சிறிது சிறிதாக இதையெல்லாம் எனக்கு விளக்கினாள். நஞ்சுக்கொடியின் பெரும்பகுதி தாயின் சதையல்ல. குழந்தை உருவான அதே கருவிலிருந்து உருவாவது. நிறைமாதத்தில் ஏறக்குறைய அரைக் கிலோ எடையும், ஒரு தோசையின் அகலமும் இருக்கும். அதனுள் மரக்கிளைகள்போலப் பிரிந்த நுண்ணிய விரல்கள் உண்டு. அவற்றை விரித்துப் பரப்பினால் பத்துச் சதுர மீட்டருக்கும் மேல் வரும். அந்த விரல்களைச் சுற்றித் தாயின் இரத்தம், நிறைமாதத்தில் நிமிடத்திற்கு அரை லிட்டருக்கும் மேலாகப் பாய்கிறது. விரல்களுக்குள்ளே குழந்தையின் இரத்தம் ஓடுகிறது. இரண்டும் கலப்பதில்லை. இடையிலுள்ள மெல்லிய சவ்வின் வழியாகவே பிராணவாயுவும் உணவும் உட்செல்கின்றன, கழிவுகள் வெளியே வருகின்றன.

இந்தச் சவ்வே முதுமையடைகிறது. அதன் மேற்பரப்பில் தனித்தனி உயிரணுக்கள் இல்லை. கோடிக்கணக்கான அணுக்கள் ஒன்றாய்க் கலந்து ஒரே விரிப்பாக இருக்கின்றன. அந்த விரிப்பிலுள்ள உட்கருக்கள் மீண்டும் பிரிந்து பெருகுவதில்லை. அடியிலிருந்து புதியவை வந்து சேரச் சேர, பழையவை முடிச்சுமுடிச்சாய் ஒதுங்கும். மாதம் ஏற ஏற இந்த முடிச்சுகளும் பெருகுகின்றன. பிராணவாயுவைக் கையாளும் வேலையில் உண்டாகும் வேதிச் சிதைவு அணுக்களின் கொழுப்பையும் மரபுப் பொருளையும் அரிக்கிறது. சேலை முந்தானை பிரிந்துவிடாதபடி ஓரத்தில் குஞ்சம் முடிகிறோம் அல்லவா? அதுபோல மரபிழைகளின் நுனியிலும் ஒரு காப்பு உண்டு. அதுவும் குறுகிக்கொண்டே வருகிறது. கிழவரின் உடலில் எண்பது ஆண்டுகளில் நடப்பது, இந்த உறுப்பில் ஒன்பதே மாதங்களில் நடக்கிறது.

இது இயல்பே. பிள்ளை பிறந்ததும் விழுந்துபோகப் படைக்கப்பட்ட உறுப்புக்கு நீண்ட ஆயுள் தேவையில்லை. ஆபத்து இரண்டு வகையில் வருகிறது. காலம் கடந்தும் அதை வேலை வாங்குவது ஒன்று. காலத்துக்கு முன்னே அது கிழடாகிவிடுவது மற்றொன்று. என் மகள் இரண்டையும் கண்டாள்.

ஐம்பது பிரசவம் பார்த்த அனுபவம்

ஆஸ்திரேலியாவின் நியூகாசல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஜர் ஸ்மித் குழுவினர் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 37 முதல் 39 வாரங்களில் பிறந்த குழந்தைகளின் கொடி, 41 வாரம் கடந்து பிறந்தவர்களின் கொடி, காரணம் தெரியாமல் வயிற்றிலேயே இறந்தவர்களின் கொடி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார்கள். பின்னைய இரண்டிலும் முதுமையின் ஒரேவிதமான அடையாளங்கள் காணப்பட்டன. இளைய மகள் இதை வாசித்துக் காட்டியபோது, அந்தத் தட்டு மீண்டும் என் கண்முன் வந்தது.

2019இல் ஒன்றரைக் கோடிக் கர்ப்பங்களைத் தொகுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வு வந்தது. வயிற்றிலேயே குழந்தை இறக்கும் அபாயம் 37ஆம் வாரத்தில் ஆயிரத்துக்கு 0.11, 42ஆம் வாரத்தில் ஆயிரத்துக்கு 3.18. வாசகர்களே, இந்த எண்ணைச் சற்று நிதானித்துப் பாருங்கள். 42ஆம் வாரத்திலும் ஆயிரத்தில் 996 பேருக்கு மேல் உயிரோடு பிறக்கிறார்கள்! அப்படியானால், நாள் தள்ளிப்போன ஐம்பது பிரசவங்களைப் பார்த்த பாட்டியின் கண்ணில் ஒரு மரணமும் படாமல் போகலாம். அவர் சொல்லுவது பொய்யல்ல. ஆனால் அவருடைய அனுபவம் இந்த ஆபத்தைக் காணும் அளவுக்குப் பெரியது அல்ல. என் தாயார் பொய் சொல்லவில்லை. நானும் பொய் சொல்லவில்லை. நாங்கள் பார்த்தவரையில் எல்லாம் நன்றாகவே நடந்திருந்தது. அதுவே எங்களை ஏமாற்றியது.

சுவீடன் தேசத்தில் 2,760 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வில், 41 வாரத்தில் வலிக்கு மருந்து வைத்தவர்களிடம் ஒரு குழந்தையும் இறக்கவில்லை. 42 வாரம்வரை காத்திருந்தவர்களிடம் ஆறு குழந்தைகள் இறந்தன. மேற்கொண்டு காத்திருக்கச் சொல்லுவது நியாயமல்ல என்று ஆய்வையே நடுவில் நிறுத்தி, 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தேதி நிச்சயமாகத் தெரிந்து 41 வாரம் நிறைந்தவர்களுக்கு வலியைத் தூண்டலாம் என்றே உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது.

நம்மைச் சார்ந்த ஒரு செய்தியும் உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஆராய்ந்தபோது, இந்தியா உள்ளிட்ட தெற்காசிய நாடுகளில் பிறந்த பெண்களுக்கு இந்த அபாயம் மற்றவர்களைவிட முன்னதாகவே, ஏறக்குறைய 39ஆம் வாரத்திலிருந்தே, உயரத் தொடங்குவதாகக் கண்டார்கள். அவர்களுடைய கொடி சீக்கிரம் முதிர்வது காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். ஆகவே நம் பெண்கள் கடைசி வாரங்களில் மருத்துவர் சொல்லும் நாளைத் தவறவிடலாகாது.

"பத்து மாதம்" என்ற கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அது 28 நாள் கொண்ட மாதம். பத்து மாதம் என்றால் 280 நாள், அதாவது 40 வாரம். நானோ காலண்டர் மாதத்தை எண்ணினேன். அப்படி எண்ணினால் 300 நாளைத் தாண்டி, 43 வாரம் ஆகிவிடும். கணக்கு கற்றுக்கொடுத்த ஆசிரியைக்கே இந்தக் கணக்கு தெரியவில்லை. இன்னொன்றும் கவனியுங்கள். 22ஆம் வாரத்து ஸ்கேனில் பிழை வந்தாலும் சுமார் பத்து நாள்தான் வரும். எனக்கும் மருத்துவருக்கும் இருந்த வித்தியாசம் மூன்று வாரம். எனக்கு வசதியான தேதியையே நான் நம்பினேன்.

காலத்துக்கு முன் வந்த முதுமை

2018இல் என் மகள் மறுபடியும் கர்ப்பமானாள். என்னைக் குற்றப்படுத்தி ஒரு வார்த்தையும் அவள் சொன்னதில்லை. ஆனால் இம்முறை என் வீட்டுக்கு வரவில்லை. நான் அழைத்தபோது அமைதியாக, "அம்மா, இந்தத் தடவை நாளை நான் எண்ணிக்கொள்கிறேன்" என்றாள். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் இல்லை.

எட்டாவது வாரத்திலேயே ஸ்கேன் எடுத்துத் தேதியை உறுதிசெய்தார்கள். 12ஆம் வாரத்தில் பிரஷர் பார்த்து, கருப்பைக்குச் செல்லும் இரத்தக்குழாயை டாப்ளர் ஸ்கேனில் சோதித்தார்கள். ஓட்டம் சற்று நெருக்கடியாக இருந்தது. கர்ப்பத்தின் முதல் பாதியில் கொடியின் அணுக்கள் தாயின் கருப்பைக்குள் வேர்விட்டு, அங்குள்ள சுருள் இரத்தக்குழாய்களை அகலப்படுத்த வேண்டுமாம். வாய்க்காலை வெட்டி அகலமாக்கினால்தான் வயலுக்குத் தண்ணீர் நிதானமாய்ப் பாயும். வெட்டாமல் விட்டால் ஒருநேரம் பீறிட்டு வரும், ஒருநேரம் வற்றும். அந்த அலைக்கழிப்பில் கொடி சீக்கிரமாகவே மூப்படைகிறது. அது தாயின் இரத்தத்தில் கலக்கவிடும் பொருள்கள் அவளுடைய இரத்தக்குழாய்களைத் தாக்கி, பிரஷரை ஏற்றுகின்றன. குழந்தையோ ஆகாரம் போதாமல் இளைக்கிறது. சிலருக்குக் கொடி நேரத்துக்கு முன்னே கழன்று இரத்தம் பெருகுகிறது. சிலருக்குப் பனிக்குடச் சவ்வே முதிர்ந்து குறைமாதத்தில் உடைகிறது. வெவ்வேறு வியாதிகள் என்று நாம் நினைக்கிற பலவற்றின் வேர் இந்த ஓரிடத்தில் வந்து சேருகிறது.

மருத்துவர் அவளுக்குத் தினமும் இரவில் சிறிய அளவு ஆஸ்பிரின் மாத்திரை கொடுத்தார். அபாயம் அதிகமுள்ள பெண்களுக்கு 150 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017இல் வெளியானது. 37 வாரத்துக்கு முன் வரும் கர்ப்பகால இரத்த அழுத்த நோய் 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தது. 16 வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் நல்ல பலன். யாரும் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. யாருக்குத் தேவை என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

மாத்திரையும் எல்லாவற்றையும் தடுத்துவிடவில்லை. 33ஆம் வாரத்தில் குழந்தையின் வளர்ச்சி பின்தங்கியது. பிரஷர் 150/100க்கு ஏறியது. உடனே சேர்த்து, குழந்தையின் நுரையீரலுக்காக ஊசி போட்டு, தொப்புள்கொடியின் ஓட்டத்தை அடிக்கடி பார்த்துவந்தார்கள். 34ஆம் வாரத்தில், "இனி உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பதே நல்லது" என்றார் மருத்துவர். சிசேரியனுக்குக் கையெழுத்து கேட்டபோது மருமகன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "போடுங்கள், மாப்பிள்ளை" என்றேன். கத்தி வைக்காத குடும்பம் என்று பெருமை பேசிய அதே வாய்!

1,750 கிராம் எடையில் ஒரு பெண்குழந்தை. சில நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. பிறகு கங்காரு முறையில் நெஞ்சோடு நெஞ்சாக அணைத்து வைக்கச் சொன்னார்கள். தையல் வலியில் மகள் சோர்ந்திருந்த ஒரு மாலையில், செவிலியரிடம், "அம்மாவிடம் கொடுங்கள்" என்றாள். என் நெஞ்சின்மேல் அந்தச் சிறு உடல் மூச்சுவிட்டதை எப்படி எழுதுவேன்! மூன்று ஆண்டுகளாக நான் கேட்கத் துணியாத மன்னிப்பை என் மகள் அப்படிக் கொடுத்தாள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

பிள்ளையை இழந்த தாய்மாரே, என் கதையை வாசித்து உங்களைக் குற்றப்படுத்திக்கொள்ளாதீர்கள். கொடி ஏன் சீக்கிரம் முதிர்கிறது என்பதற்குப் பல நேரம் யாருடைய தவறும் காரணமல்ல. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், தாயின் வயது என்று பல காரணங்கள் சேரலாம். ஸ்கேன் தாளில் கொடி "கிரேடு 3" என்று இருப்பதைக் கண்டும் பயப்படாதீர்கள். சுண்ணாம்புப் படிவைப் பார்த்து 0 முதல் 3 வரை தரம் பிரிக்கும் இந்த முறை 1979இல் வந்தது. நிறைமாதத்தில் அது நரைமுடிபோல் சாதாரணம். 32 வாரத்துக்கு முன்னே அப்படி இருந்தால் வளர்ச்சியையும் இரத்த ஓட்டத்தையும் கவனமாகப் பார்க்க வேண்டும், அவ்வளவே.

நம் கையில் இருப்பவற்றை மட்டும் சொல்லுகிறேன்.

ஒன்று: முதல் மூன்று மாதத்திற்குள் ஸ்கேன் எடுத்துத் தேதியை நிச்சயப்படுத்துங்கள். ஊருக்கு இரண்டு இரவு ரயிலில் போய்ப் பிரசவம் பார்க்கிறவர்கள் அந்தத் தாளையும் அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். மும்பையில் ஒரு தேதி, ஊரில் ஒரு தேதி என்று ஆகக் கூடாது.

இரண்டு: ஒவ்வொரு முறையும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். 140/90க்கு எட்டினாலோ, விடாத தலைவலி, கண்ணில் மின்னல், மேல்வயிற்று வலி, திடீர் முகவீக்கம், இரத்தப்போக்கு இவற்றில் ஒன்று வந்தாலோ விடியும்வரை காத்திராதீர்கள். பணம் இல்லையே என்று தயங்குகிறவர்களுக்கு, 2016இல் தொடங்கிய மத்திய அரசின் திட்டப்படி ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் இலவசப் பரிசோதனை உண்டு.

மூன்று: பிரசவம் நெருங்கினால் அசைவு குறையும் என்பது தவறு. அசையும் விதம் மாறலாம், குறையக் கூடாது. குறைந்தால் அந்த மணியிலேயே புறப்படுங்கள். நான் ஓர் இரவு காத்திருந்தேன்.

நான்கு: புகையிலை எந்த உருவிலும் வேண்டாம். இந்த மாநிலத்துப் பெண்கள் பல்லில் தேய்க்கும் மிஸ்ரியை நம்மவர் சிலரும் பழகிக்கொண்டிருக்கிறார்கள். புகையிலையை மெல்லுவதும் தேய்ப்பதும் வயிற்றிலேயே குழந்தை இறக்கும் அபாயத்தை இரண்டரை மடங்குக்குக் குறையாமல் உயர்த்துவதாக மும்பையிலேயே நடந்த ஆய்வு 2006இல் காட்டியது.

ஐந்து: மருத்துவர் சொல்லுவது புரியாவிட்டால் கேளுங்கள், ஐயம் இருந்தால் இன்னொரு மருத்துவரிடம் போங்கள். ஆனால் வீட்டில் உட்கார்ந்து நாளைக் கடத்தாதீர்கள்.

என் பேத்தி இப்போது பள்ளிக்குப் போகிறாள். விரல்விட்டு எண்ணக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து எதைக் கண்டாலும் எண்ணுவாள். என் வளையல்களை, படிகளை, ஜன்னல் கம்பிகளை. சில நேரம் தவறவிட்டு, "பாட்டி, சரியா?" என்று கேட்பாள். "இன்னொரு தரம் எண்ணிப் பார், கண்ணே" என்கிறேன். எனக்கு அன்று யாராவது அப்படிச் சொல்லியிருந்தால், அவளுக்கு மூத்தவன் ஒருவன் இருந்திருப்பான். சொன்னார்கள், வாசகர்களே. மருத்துவர் சொன்னார், மருமகன் சொன்னார், என் மகளும் சொன்னாள். கேட்காதவள் நான். நீங்கள் கேளுங்கள்.